மூன்று வெள்ளிப் பசை

பினாங்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பூக்கூடைக்குள் தர்மினி அக்கா முழங்கை வரை கையை விட்டபோது மணி பன்னிரண்டு ஐந்து. சரியாக ஐந்து மணிக்கு சிவநேசன் என்ற ஸ்கூல் வேன் டிரைவர் டிராபிக் போலீசுக்குப் போய், "நான்தான் அந்தப் பெண்ணை இடித்தேன்" என்று கையெழுத்துப் போடப் போகிறார். அவர் இடிக்கவில்லை என்று அக்கா சொல்கிறார். இடித்தேன் என்று அவரே சொல்கிறார். நான் காலையிலிருந்து ஒரு ரொட்டி சானாய்கூடச் சாப்பிடவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

"அக்கா, பூ வேணும்னா நான் வாங்கித் தர்றேன். அழுகின கூடைய ஏன் நோண்டுறீங்க?"

"வாயை மூடு, சாஹித்."

இதுதான் எங்கள் கம்பெனி. தர்மினி ஐயாத்துரை, பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் மோதின கார்களைப் பார்த்துச் சேதம் கணக்கிட்டவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் பதினொரு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நின்றவன். இப்போது அவருக்குக் கார் ஓட்டுகிறேன், பேசுகிறேன், திட்டு வாங்குகிறேன்.

கட்டிலில் கிடந்தவர் சின்னம்மா. வலது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. தைப்பூச ரதம் புறப்பட்ட விடியற்காலை, தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் உள்ள சந்தில் பூக்கூடையோடு நடந்துகொண்டிருந்தவரை, ரிவர்சில் வந்த ஏதோ வண்டி தட்டிவிட்டது. அது நடந்து நாலு நாள் ஆகிவிட்டது.

"கூடைய யாரும் தொடலையாம்மா?" என்றார் அக்கா.

"யாரு தொடப் போறா? ராமதாஸ் அண்ணன் என்னைத் தூக்கி அவரு வேன்ல போட்டப்ப, கூடையையும் எடுத்துப் போட்டாரு. பந்தல் தலைவரு, தங்கமான மனுசன். நர்ஸு வாங்கி அடியில தள்ளிடுச்சு."

"இடிச்ச வண்டிய நீங்க பாத்தீங்களா?"

"முதுகுப் பக்கமா வந்துச்சு லா. எங்க பாக்கறது? கண்ண முழிச்சா ராமதாஸ் அண்ணன் நிக்கிறாரு. வெள்ளை வேன் ஒன்னு ஓடிருச்சுன்னு அவருதான் சொன்னாரு."

அக்காவின் கை வெளியே வந்தது. வாடிய மல்லிகைச் சரத்தில் சிக்கிக்கொண்டு ஒரு சிவப்புத் துண்டு. கட்டைவிரல் அகலம், விரல் நீளம். பின் லைட்டின் கண்ணாடி. கண்ணாடி என்று வாயில்தான் சொல்கிறோம், எல்லாம் பிளாஸ்டிக்தான்.

நர்ஸை அருகில் நிற்க வைத்து, கூடையோடும் துண்டோடும் போட்டோ எடுத்தோம். அக்கா துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கால் விரலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் அப்படித் தட்ட ஆரம்பித்தால் எனக்கு மதியச் சாப்பாடு கிடையாது என்று அர்த்தம்.

"நடுவுல ஒரு கோடு தெரியுதா?"

"கீறல்."

"நகத்தால இழுத்துப் பார்."

இழுத்தேன். நகம் எங்கேயும் மாட்டவில்லை. மேலே வழவழப்பாக இருந்தது. கோடு உள்ளே ஓடியது, அதில் கடுகளவுக்கு ஒரு காற்றுக் குமிழ்.

"அலாமாக்! முன்னாடியே உடைஞ்சு ஒட்டினது."

"ஓம்" என்றார் அக்கா. சாதாரணமாக எங்களைப் போலத்தான் பேசுவார். மோப்பம் கிடைத்துவிட்டால் மட்டும் தாத்தா காலத்து யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கும். "ஒட்டின இடம் அசையவே இல்ல. பக்கத்துல உடைஞ்சிருக்கு. பசை பிளாஸ்டிக்கைவிடப் பலமா இருந்திருக்கு. சிவநேசன் வேன் லைட்டும் ஒட்டினதுதான்னு அவர் மனைவி சொன்னாங்களே? போய்ப் பாப்போம், வா."

போகும் வழியில் டிராபிக் போலீஸ் அதிகாரி ஷாஹிராவுக்குப் போன் போட்டார்.

"துண்டைக் கவர்ல போட்டுக் கொண்டாங்க அக்கா," என்றது ஸ்பீக்கர். "ஆனா அந்த மனுசன் தானா வந்து ஒத்துக்கிட்டா நான் வேணாம்னா சொல்ல முடியும்?"

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கார் பார்க்கில் சிவநேசன் தன் வெள்ளை வேனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, நாலு நாள் தாடி. எங்களைப் பார்த்தும் நடையை நிறுத்தவில்லை. அவர் மனைவி ஜெயலெட்சுமி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எங்களை வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான்.

"நான் சொல்லிட்டேங்க," என்றார் சிவநேசன். "தாசேக் கெலுகோர்லருந்து ஆளுங்கள ஏத்திக்கிட்டு வந்து, அந்தச் சந்துலதான் வேன நிறுத்தியிருந்தேன். ரதம் வருது, எடு எடுன்னு விசில் ஊதுறாங்க. ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால 'கடக்'னு ஒரு சத்தம். இருட்டு, கூட்டம், நான் எறங்கிப் பாக்கல. அதுதான் நான் செஞ்ச பாவம். வீட்டுக்கு வந்து பாத்தா பின் லைட்டு உடைஞ்சு, துண்டெல்லாம் பம்பர் மேல கெடக்கு. ஒட்டினேன். சாயங்காலம்தான் அந்தம்மா விழுந்தது தெரிஞ்சுது."

"கோர்ட்டுல சொன்னா லைசென்ஸ் போயிரும்," என்றார் ஜெயலெட்சுமி. "பதினாலு பிள்ளைங்கள ஏத்துறாரு. இவருக்கு வேற தொழில் தெரியாதுக்கா."

"லைசென்ஸ் போனா போவட்டும். ஒரு பொம்பள கால உடைச்சவன் கையில எவன் பிள்ளையக் குடுப்பான்? ராமதாஸ் அண்ணன்கூடச் சொல்லிட்டாரு. ஒத்துக்கோ சிவா, அபராதத்தோட போயிரும், வக்கீல நான் பாத்துக்கறேன்னு."

நான் பின் லைட்டைப் பார்த்தேன். சிவப்புப் பிளாஸ்டிக் முழுக்க முகப்பவுடர் பூசினதுபோல் வெள்ளைப் புகை. கோட்டுக்குக் கோடு பசை வழிந்து திட்டுத் திட்டாக நின்றது.

"அண்ணே, என்ன பசை இது?"

"மூணு வெள்ளிதான் விலை. சின்ன டியூப்பு. பெட்ரோல் ஸ்டேஷன்ல."

"மூணு செகண்டுல ஒட்டுமே, அதுவா? செருப்புக்கு ஒட்டுங்கண்ணே, லைட்டுக்கு ஒட்டாதீங்க! காயும்போது ஆவி விடும், அந்த ஆவிதான் இப்படி வெள்ளையாப் படியும். ஆட்டம் குடுத்தா படக்குனு விட்டுரும். கவுண்டர்ல நின்ன காலத்துல தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன். எவன் கேட்டான்?"

"சாஹித்," என்றார் அக்கா. "திட்டினது போதும். அந்த லைட்டைக் கழட்டு. ஜெயா, போன்ல வீடியோ எடு. நிறுத்தாம எடு."

நாலு ஸ்க்ரூ. கழற்றி அக்கா கையில் கொடுத்தேன். முதலில் அதில் ஒரு சில்லும் குறையவில்லை என்று விரலால் தடவிப் பார்த்தார். மூலை முடுக்கெல்லாம் முழுசாக இருந்தது. கூடையில் கிடைத்த துண்டுக்கு அந்த லைட்டில் இடமே இல்லை. அப்புறம் லைட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

கடகட என்றது.

பல்ப் ஓட்டை வழியாக இடுக்கியை விட்டு, மெதுவாக ஒரு சில்லை இழுத்தார். பழுப்பு நிறம், ஒரு பக்கம் நார், ஓரத்தில் மஞ்சள் பூச்சு. தேங்காய் ஓடு!

பினாங்கில் வாழ்பவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ரதத்துக்கு முன்னால் ரோட்டில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பார்கள். ஓடுகள் நாலு பக்கமும் பறக்கும். அன்று அந்தப் பக்கம் வண்டி நிறுத்தியவனுக்குக் கண்ணாடி மிஞ்சினால் அது முருகன் புண்ணியம் என்று என் சிநேகிதர்கள் சொல்வார்கள்.

"வெளியிலருந்து பறந்து வந்து உடைச்சுக்கிட்டு உள்ளே போயிருக்கு," என்றார் அக்கா. "ஒட்டத் தெரிஞ்சவன் முதல்ல உள்ளே துடைச்சு, உடைஞ்ச ஓரத்தைச் சுத்தம் பண்ணித்தான் ஒட்டுவான். நீங்க அவசரத்துல அப்படியே மூடிட்டீங்க. புகை படிஞ்சதால உள்ளே கெடக்கறதும் தெரியல. உங்க ஒட்டு வேலை படுமோசம் சிவநேசன். அதனாலதான் சாட்சி பத்திரமா இருந்துச்சு."

ஜெயலெட்சுமி எழுந்து நின்றுவிட்டார். சிவநேசன் அந்த ஓட்டுத் துண்டையே பார்த்தார். பிறகு இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினார்.

"தேங்காய் உடைச்சது லைட்டை. நான் உடைச்சது அந்தம்மா காலை. அந்தச் சத்தம் என் காதுல இருக்குங்க. வேற ஒருத்தன் இடிச்சான்னா அந்த ஆளக் காட்டுங்க. இல்லன்னா அஞ்சு மணிக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

மணி ஒன்று ஐம்பது.

காரில் ஏறினதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த மனுசனுக்கு என்னக்கா கேடு? காப்பாத்த வந்தா கழுத்த நீட்டுறாரு!"

"நல்லவன் சாஹித். நல்லவனைக் காப்பாத்தறதுதான் கஷ்டம். வண்டிய எடு." துண்டைக் கவரோடு தூக்கிப் பிடித்தார். "நீ கவுண்டர் ஆள். சொல்லு, இந்த மாதிரி யார் ஒட்டுவாங்க?"

"ஒர்க்‌ஷாப்காரன் ஒட்டவே மாட்டான். உடைஞ்சா பழைய பார்ட்ஸ் கடையில ஒன்ன வாங்கி மாட்டிவிட்டுடுவான். அவசரக்காரன் மூணு வெள்ளி டியூப்பு. கொஞ்சம் விவரமானவன் ரெண்டு டியூப்பக் கலந்து பூசுற எப்பாக்ஸி. அது தடிமனா நிக்கும், வெயில்ல மஞ்சளாப் போயிரும். இது ரெண்டும் இல்ல. இது…" எனக்கே தலையில் உறைத்தது. "இது பசையே இல்லக்கா! தண்ணி மாதிரி ஒரு மருந்து இருக்கு. பின் லைட்டு அக்ரிலிக். ரெண்டு துண்டையும் சேத்துப் புடிச்சு ஊசியால விட்டா, பிளாஸ்டிக்கே உருகி ஒன்னாயிரும்."

"அத யாரு வெச்சிருப்பா?"

"அக்ரிலிக்ல கடைப் பேர் போர்டு செய்யறவன்!"

டிராபிக்கில் நின்ற நேரத்தில் மூன்று கடைக்குப் போன் அடித்தேன். முதல் கடைக்காரர் எல்லாவற்றையும் பட்டர்வொர்த்திலிருந்து வெட்டியே வாங்குகிறாராம். இரண்டாமவர் டேப்பும் சிலிக்கானும்தான் என்றார். மூன்றாவது ஆள், "ஊசியா? இந்தத் தீவுல என்னைத் தவிர எவனுக்கு அந்தப் பொறுமை இருக்கு?" என்று பெருமை அடித்தான். அவன் பெயர் கஜன். குயின் ஸ்திரீட் பின்சந்தில் கடை.

போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. கடை வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. எனக்குப் பொறுமை இல்லை. இறங்கின வேகத்தில் கஜனின் முன்னால் போய் நின்றேன்.

"எங்கடா ஒளிஞ்சிருந்த நாலு நாளா? ஒரு பொம்பளைய இடிச்சிட்டு ஓடி வந்துட்டியே, சோறு எறங்குதா?"

கஜன் கையில் ஊசியோடு என்னை மேலும் கீழும் பார்த்தான். முப்பது வயதிருக்கும், ஒல்லி. "யாருண்ணே நீங்க? இந்த வேன் மூணு வாரமா ஓடல. எஞ்சின் எறக்கிக் கெடக்கு."

திரும்பிப் பார்த்தேன். பானெட் உள்ளே காலி. பின் லைட் இரண்டும் ஒரே மாதிரி வெளுத்து, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. அக்கா பெருமூச்சு விட்டார்.

"இவனை மன்னிச்சிருங்க தம்பி. காலையிலருந்து சாப்பிடல." அதையாவது ஞாபகம் வைத்திருந்தாரே! "இதைக் கொஞ்சம் பாருங்க. கவர்லருந்து எடுக்காம பாருங்க."

கஜன் துண்டை விளக்கடியில் பிடித்தான். முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"இது என் கை வேலை," என்றான். "உடைச்சிட்டாங்களா? பாருங்க, ஒட்டின எடம் அப்படியே இருக்கு! முன் லைட்டு வேற பிளாஸ்டிக், அதுக்கு வேற மருந்து. பின் லைட்டுன்னா இதுதான். ஓரத்துல ஒரு சொட்டு வெச்சுப் பாப்பேன். பிசுபிசுன்னு வந்தா அக்ரிலிக். அப்புறம்தான் ஊசி. கை அசையாம பத்து நிமிசம் புடிச்சு, ஒரு நாள் தொடாம வெக்கணும். இதுல ஒரே ஒரு குமிழ் விட்டுட்டேன். அது மட்டும் எனக்கு அவமானம்."

"எந்த வண்டி லைட்டுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் என்னக்கா, வீடியோவே இருக்கு. நல்ல வேலைய நான் டிக்டாக்ல போடாம விடமாட்டேன்." போனைத் தள்ளித் தள்ளி ஒரு வீடியோவை நிறுத்தினான். தீபாவளிக்கு முந்தின வாரத் தேதி. சிவப்பு லைட், வளைந்து இறங்கும் கோடு, கோட்டில் கடுகளவு குமிழ். "குமிழப் பாக்காதீங்க மக்களே, லைட்டப் பாருங்க" என்று வீடியோவில் அவன் குரலே கெஞ்சியது. கேமரா கொஞ்சம் நகர்ந்தது. லைட்டைப் பிடித்திருந்த ஆளின் மணிக்கட்டில் தடித்த வெள்ளிக் காப்பு. அவருக்குப் பின்னால் வேன், வேனின் கதவில் முருகன் படம், நம்பர் பிளேட் பளிச்சென்று.

"யார் வேன் தம்பி?" அக்காவின் கால் தட்டுவதை நிறுத்திவிட்டது.

"பந்தல் வேனுக்கா. ராமதாஸ் அண்ணன் கொண்டாந்தாரு. சாமி காரியம், நான் காசு வாங்கல."

நான் போனை வாங்கி அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டேன்.

"அக்கா… அவருதானே அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு?"

"ஓம். அவர்தான் வெள்ளை வேன் ஓடிச்சுன்னு சொன்னார். அவர்தான் சிவநேசனை ஒத்துக்கச் சொன்னார். கூடையைக்கூட மறக்காம எடுத்துக் குடுத்தார்." அக்கா எழுந்தார். "கஜன், கடைய மூடுங்க. எங்ககூட வாங்க."

மணி நாலு. வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று இருபது நிமிஷம் தின்றது. ஷாஹிராவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜெயலெட்சுமிக்கு அடித்தோம். "அவரு கெளம்பி ஸ்டேஷனுக்கே வந்துட்டாருக்கா, நானும் கூடத்தான் இருக்கேன். சீக்கிரமா உள்ள கூப்பிட்டுட்டாங்க" என்று அழுதார். நான் ஓட்டின ஓட்டுக்கு எனக்கே அபராதச் சம்மன் வரவேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் பந்தல் வேன் நின்றது. அக்கா அதன் பின்பக்கம் போய் ஒரு நொடி நின்றார். வலது லைட் வெயிலில் வெளுத்த பழசு. இடது லைட் பளபளவென்று புதுசு. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

மேசையில் வாக்குமூலப் படிவம் விரிந்திருந்தது. சிவநேசன் பேனாவைப் பிடித்திருந்தார். அவர் பக்கத்தில், அவர் முதுகைத் தடவிக்கொண்டு, அறுபது வயதுப் பெரியவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு.

"நிறுத்துங்க," என்றார் அக்கா. ஷாஹிரா நிமிர்ந்தார். சிவநேசனின் பேனா காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து நின்றது.

அக்கா சத்தம் போடவில்லை. கூடையில் கிடைத்த துண்டை மேசையில் வைத்தார். பக்கத்தில் கஜனின் போனில் வீடியோவை ஓடவிட்டார். தேங்காய் ஓட்டையும் ஜெயலெட்சுமி எடுத்த வீடியோவையும் அடுத்து வைத்தார். ஷாஹிரா துண்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி துண்டைப் பார்த்தார். கோடு அதே கோடு. குமிழ் அதே குமிழ். கடைசியில் ராமதாஸின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அண்ணே," என்றார் அக்கா, "உங்க வேன்ல இடது பக்கம் மட்டும் எப்போ புது லைட்டு மாட்டினீங்க?"

சிவநேசனின் முதுகிலிருந்து ராமதாஸின் கை தானாக இறங்கியது.

"தண்ணிப் பந்தலுக்கு ஐஸ் எறக்கறதுக்காக ரிவர்ஸ் எடுத்தேன்," என்றார். குரல் அடங்கிவிட்டது. "தட்டுச்சு. எறங்கிப் பாத்தேன். ஓடல நான். தூக்கிட்டுத்தானே போனேன்! ஆஸ்பத்திரில யாரோ கேட்டாங்க, எவன் இடிச்சான், வண்டியப் பாத்தீங்களான்னு. வாயில வெள்ளை வேன்னு வந்துருச்சு. அப்புறம் எல்லாரும் கையப் புடிச்சு நல்லாயிருங்கன்னாங்க. கோயில்ல மாலை போட்டாங்க. எப்படிச் சொல்லுவேன்?"

ஜெயலெட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் ராமதாஸைத் திட்டத் தயாராக நாலு வார்த்தை வைத்திருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிவநேசன் அக்காவைத்தான் பார்த்தார். "அப்ப நான் இடிக்கலையா?"

"இல்ல."

"அந்தச் சத்தம்?"

"ரோடெல்லாம் தேங்காய் ஓடு சிவநேசன். டயர் ஏறினா அப்படித்தான் சத்தம் வரும்."

"நான் இடிக்கலையா?" என்று மறுபடி கேட்டார். பேனாவை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ராமதாஸ் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

"நாலு ராத்திரி நான் கண்ண மூடலண்ணே," என்றார். "நீங்க தூங்கினீங்களா?"

ஷாஹிரா பழைய படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். புதுசு ஒன்றை ராமதாஸின் முன்னால் வைத்து, பெயரைக் கேட்டார்.